பழைய ஜப்பானிய ஏற்றுமதித் தேநீர்க் கோப்பைகள்: மூன்றை எடுத்துக்கொண்டு ஒரு மதிப்புரை

பழைய ஜப்பானியப் பீங்கான் கோப்பைகளை இணையத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியைத்தான் முதலில் படமெடுத்துப் போடுகிறார்கள். வாங்க வருகிறவர்களும் அந்த முத்திரையைப் பார்த்தவுடனேயே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். கோப்பை எந்த ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து கப்பலேறியது என்பதை முத்திரை ஓரளவு தெரிவிக்கும். ஆனால் அது கையில் நிற்குமா, உதட்டில் உறுத்துமா, அடிக்கடி கழுவினால் தாங்குமா என்பவற்றைத் தெரிந்துகொள்ள உடலையும் விளிம்பையும் கைப்பிடியையும்தான் பார்க்க வேண்டும். அந்த முறையில்தான் என்னிடமுள்ள மூன்று கோப்பைகளை இங்கே மதிப்பிடுகிறேன். முதலாவது, நோரிடாக்கே நிறுவனத்தின் அசேலியா வகைக் கோப்பையும் தட்டும். இரண்டாவது, டிராகன் உருவம் புடைத்து நிற்கும் சாம்பல் நிறச் சிறு காப்பிக் கோப்பை. மூன்றாவது, 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று அடியில் அச்சிட்ட பூப்போட்ட கோப்பை. மூன்றும் பிறர் பயன்படுத்திக் கைமாறி வந்தவை. மூன்றிலும் குடித்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

இவற்றை ஏற்றுமதிப் பீங்கான் என்று தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் பச்சைத் தேநீர் அருந்தும் கோப்பைக்குக் கைப்பிடியும் கிடையாது, அதற்கு இணையான பீங்கான் அடித்தட்டும் கிடையாது. கைப்பிடி, தட்டு, பொன்விளிம்பு, ரோஜாக்கொத்து ஆகிய அனைத்தும் அமெரிக்க, பிரித்தானிய மேசைகளை மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்டவை. மெய்ஜி பேரரசரின் ஆட்சிக்காலத்தில் (1868–1912) வெளிநாட்டுச் செலாவணி தேடிய ஜப்பானுக்குப் பட்டும் தேயிலையும் போலவே பீங்கானும் கைகொடுத்தது. 1876இல் டோக்கியோவில் வணிகத்தைத் தொடங்கிய மோரிமுரா சகோதரர்களில் மூத்தவர் உள்நாட்டில் சரக்கு சேர்த்து அனுப்ப, இளையவர் நியூயார்க்கில் கடை வைத்து விற்றார். வெள்ளைப் பீங்கானைச் செட்டோ, மினோ வட்டாரச் சூளைகளில் வாங்கி, ஓவியம் தீட்டும் பட்டறைகளை நகோயாவில் ஒருங்கே குவித்ததால் அந்நகரம் இத்தொழிலின் மையமாயிற்று. 1904இல் அதே குழுவினர் நகோயாவை ஒட்டிய நோரிடாக்கே என்னும் இடத்தில் சொந்த ஆலையை நிறுவினர். இடத்தின் பெயரே பின்னாளில் நிறுவனத்தின் பெயராக நிலைத்தது. மேலைநாட்டு விருந்து மேசைக்கு வேண்டிய அகன்ற தட்டைக் கோணாமல் சுட்டெடுக்கப் பல ஆண்டுகள் பாடுபட்ட பிறகு, 1914இல்தான் அவர்களால் முதல் முழு விருந்துத் தொகுதியை முடிக்க முடிந்தது. கோப்பையின் வட்டச்சுவர் சூளையின் வெப்பத்தில் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். அகன்ற தட்டோ தொய்ந்துவிடும். பழைய கோப்பையை வாங்கும்போது தட்டைத் தனியாகச் சமதளத்தில் வைத்து, ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்வது அதனால் நல்லது.

காலக்கணிப்புக்கு உதவும் செய்திகள் சிலவே. அமெரிக்கா 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1891 முதல் ஜப்பானியர் தம் சரக்கில், தம் மொழியில் நாட்டின் பெயரான 'நிப்பான்' என்பதைப் பொறித்தனர். 1921இல் அமெரிக்கச் சுங்கத்துறை அதை ஏற்க மறுத்து, 'ஜப்பான்' என்றே பொறிக்கச் செய்தது. ஆகவே 'நிப்பான்' முத்திரை உண்மையானதாக இருந்தால் அக்கோப்பை 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. 'ஜப்பான்' அல்லது 'மேட் இன் ஜப்பான்' என்பது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. 'ஆக்குபைட்' என்ற சொல் இருந்தால், இரண்டாம் உலகப்போருக்குப் பின் நேச நாட்டுப் படைகள் ஜப்பானில் நிலைகொண்டிருந்த காலத்தது. அந்த ஆட்சி 1952 ஏப்ரல் 28ஆம் நாள் முடிவுக்கு வந்தது. நோரிடாக்கே கோப்பைகளுக்கு இன்னொரு நல்ல அடையாளமும் உண்டு. இலைவளையத்துக்குள் மோரிமுரா பெயரின் முதலெழுத்தான 'எம்' இருந்தால் பழையது. 1953இல் அது 'என்' என்று மாறியது. இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும்: ஒரு தொகுதியில் இருந்த எல்லாப் பாத்திரங்களுக்கும் முத்திரை இடப்படவில்லை, படைகள் இருந்த காலத்திலும் வெறுமே 'ஜப்பான்' என்று பொறித்த சரக்கு ஏராளமாகப் போயிருக்கிறது. முத்திரை இல்லை என்பதற்காக ஒரு நல்ல கோப்பையைத் தள்ளிவிடுவது, முத்திரை இருக்கிறது என்பதற்காகவே ஒரு மட்டமான கோப்பையைக் கொள்வதைப் போன்ற அவசரம்தான்.

இனி அசேலியா. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த லார்க்கின் என்னும் சோப்பு நிறுவனம், அஞ்சல் வழியே பொருள் வாங்கும் குடும்பங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பீங்கான் தொகுதிகளில் பெயர்பெற்றது இது. 1910களின் நடுவிலிருந்து 1930கள் வரை நோரிடாக்கே இதைச் செய்து அனுப்பியது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் மாதந்தோறும் ஒன்றிரண்டாகச் சேர்த்துத் தொகுதியை நிறைத்தார்கள் என்பதால், இன்றும் அது உதிரியாகவே சந்தைக்கு வருகிறது. வடிவத்தின் எண் 19322. பிற்கால அசேலியாவில் இந்த எண்ணும் இலைவளையமும் 'கையால் தீட்டியது' என்ற குறிப்பும் சிவப்பு மையில் ஒன்றாக இருக்கும். தொடக்ககாலத் துண்டுகளில் 'நிப்பான்' என்றிருப்பதையும் காணலாம். சோப்போடு கொடுத்த பொருள்தானே என்று குறைவாக எண்ண வேண்டியதில்லை. இந்த மூன்றில் தொழில்நேர்மை மிகுந்தது இதுவே.

வெள்ளை உடலின் ஒருபுறம் இளஞ்சிவப்பு அசேலியாப் பூக்கள், சற்றே பழுப்பேறிய பச்சை இலைகள், விளிம்பிலும் கைப்பிடியிலும் பொன்கோடு என்று அலங்காரம் அடக்கமானது. பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் இதழிலும் தூரிகை அழுந்திய இடத்தில் நிறம் திரண்டும், எடுத்த இடத்தில் மெலிந்தும் இருப்பது தெரிகிறது. தட்டில் உள்ள பூவும் கோப்பையில் உள்ள பூவும் ஒன்றுபோல இல்லை. இதுவே ஒட்டுப்படமாக இருந்தால் நிறம் நுண்புள்ளிகளாகவோ, எங்கும் ஒரே தடிப்புள்ள கோடுகளாகவோ பிரிந்து தெரியும். இரண்டு கோப்பைகளின் படமும் மயிரளவும் மாறாது. 'கையால் தீட்டியது' என்ற சொற்களை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அச்சிட்ட கோட்டோவியத்துக்குள் நிறம் நிரப்பியவற்றிலும், ஒட்டுப்படத்தின்மேல் இரண்டு பொட்டு வைத்தவற்றிலும் அதே சொற்கள் உள்ளன.

அசேலியாவின் உடல் உயர்வெப்பத்தில் சுட்ட கடும்பீங்கான். விளக்கின்முன் பிடித்து மறுபுறம் விரலை வைத்தால் நிழல் தெளிவாக விழுகிறது. ஊடுருவும் ஒளி சற்றே குளிர்ந்த, சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கிறது. எலும்புச் சாம்பல் கலந்த ஆங்கிலேய வகைப் பீங்கானில் இதே ஒளி பால்வண்ணம் கலந்து வெதுவெதுப்பாகத் தோன்றும். விற்பனையாளர்கள் எல்லாவற்றையும் 'போன் சைனா' என்று எழுதிவிடுவதால் இந்த வேறுபாட்டைக் கண்ணால் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. விளிம்பு மெலிதாகவும் உள்ளும் புறமும் உருண்டும் முடிகிறது. உதட்டில் பட்டது தெரியாமல் தேநீர் வந்து சேர்கிறது என்று சொன்னால் மிகையில்லை. கைப்பிடியில் ஒரு விரல்தான் நுழையும், கட்டைவிரலை மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். டம்ளரை முழுக்கையால் பற்றிப் பழகியவர்களுக்கு இது முதலில் சங்கடமாக இருக்கும். கொள்ளளவும் நம் வழக்கத்துக்குக் குறைவே. குறை என்று கணக்கிட வேண்டியது பொன்கோட்டைத்தான்: என் கோப்பையின் கைப்பிடியில் அது ஏறக்குறைய அழிந்துவிட்டது. கண்ணாடி போன்ற மேற்பூச்சான மெருகு ஏறத்தாழ 1300 பாகை செல்சியசுக்கு மேல் உடலோடு சேர்ந்து உருகி இறுகுகிறது; பொன்னோ, அது முடிந்தபின் மேலே பூசி 700, 800 பாகையளவில் மீண்டும் சுடப்படுவது. அது மெருகின்மேல் உட்கார்ந்திருக்கிறதேயன்றி அதனுள் இல்லை. பழைய கோப்பையில் பொன் சற்றுத் தேய்ந்திருப்பதை நான் குறையாக எண்ணுவதில்லை. விரல் படும் இடத்தில் தேய்ந்து, படாத இடத்தில் பளிச்சென்று இருந்தால் அது நேர்மையான பயன்பாட்டின் தடம். எல்லா இடத்திலும் ஒரே அளவில் மங்கியிருந்தால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

டிராகன் கோப்பை முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. புகைபடிந்தது போன்ற சாம்பல், கறுப்பு, வெண்மைப் பின்னணியில் வளைந்து செல்லும் டிராகனின் உடல், நீர்த்த களிமண்ணைக் குழல்வழிப் பிழிந்து உருவாக்கப்பட்டது. துணிப்பொட்டலத்தில் மாவை வைத்து ஜாங்கிரி சுற்றுகிறவரின் கைவேகம் இதற்கும் வேண்டும். மோரியாகே என்று அழைக்கப்படும் இந்த வேலைப்பாட்டில்தான் காலத்தையும் தரத்தையும் படிக்கலாம். பழையவற்றில் செதில், நகம், மீசை எல்லாம் தனித்தனியே எழும்பி நிற்கும், கண்ணுக்குச் சில நேரம் நீலநிறத் துளியும் வைத்திருப்பார்கள். போருக்குப் பின் பெருமளவில் செய்தவற்றில் புடைப்பு தட்டையாகி, டிராகன் ஒரு வெள்ளைக் கீற்றாகக் குறைந்துவிடுகிறது. என்னிடம் இருப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. செதில்கள் உண்டு, நகங்கள் அவசரத்தில் வந்தவை.

இந்த வகைக் கோப்பைகள் பலவற்றின் அடியில், ஒளியின்முன் பிடித்தால் மட்டும் தெரியும் கெய்ஷா (விருந்துகளில் ஆடல்பாடல் நிகழ்த்துபவர்) பெண்ணின் முகம் இருக்கும். பீங்கானின் தடிப்பை இடத்துக்கு இடம் மாற்றி, மெல்லிய இடத்தில் ஒளியும் தடித்த இடத்தில் நிழலும் விழச்செய்யும் இந்த உத்தி ஐரோப்பியருடையது. 1827இல் பாரிசில் காப்புரிமை பெற்றது. ஜப்பானியர் அதை எடுத்து, காப்பி குடித்து முடித்தவுடன் காணும் வேடிக்கையாக மாற்றிவிட்டார்கள். விருந்தினரிடம் காட்டி மகிழ இதைவிட நல்ல கோப்பை இல்லை. குடிப்பதற்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புடைப்புகளுக்கு இடையே அழுக்கு சேர்கிறது, விரல் படும் இடமெல்லாம் சொரசொரப்பு, கொள்ளளவோ இரண்டு மடக்கு. முகம் அமைந்த அடிப்பகுதி மிக மெல்லியது என்பதால் கரண்டியைப் போட்டுக் கலக்கவும் மனம் வரவில்லை. வாங்குகிறவர்கள் புடைப்பில் உடைந்த இடங்கள் உண்டா என்று நகத்தால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். உதிர்ந்த செதில் படத்தில் வெறும் வெளிச்சப் புள்ளியாகத்தான் தோன்றும்.

'ஆக்குபைட் ஜப்பான்' கோப்பையைப் பற்றி எழுதும்போது என் குரல் சற்றுக் கடுமையாகத்தான் இருக்கும். குறுகிய காலத்துக்கு மட்டும் இருந்த முத்திரை, வரலாற்றில் ஓர் இடைவேளையின் சாட்சி என்ற காரணங்களால் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைத் தனிப்பிரிவாகவே வளர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளில் ஜப்பானில் எரிபொருளும் நல்ல மூலப்பொருளும் கிடைப்பது அரிதாக இருந்தது. நோரிடாக்கே நிறுவனமே, போருக்கு முந்தைய தரம் வரவில்லை என்று கருதி, 1940களின் பிற்பகுதியில் தன் பெயரைப் பொறிக்காமல் 'ரோஸ் சைனா' என்ற முத்திரையோடு சரக்கை அனுப்பியது. தன் தயாரிப்பைத் தானே குறைத்து மதிப்பிட்ட நிறுவனத்தின் இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது; ரோஸ் சைனா கோப்பை கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், ஏனெனில் நோரிடாக்கே குறைவு என்று நினைத்தது மற்றப் பட்டறைகளின் உயர்வைவிடப் பெரும்பாலும் மேலானது. என்னிடமுள்ள பூக்கோப்பை அப்படிப்பட்டதல்ல. உடல் மெல்லியதுதான், ஆனால் மெருகுக்கு அடியில் கரும்புள்ளிகள் தெறித்திருக்கின்றன. கைப்பிடி ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. ரோஜா ஒட்டுப்படம், அதன் ஓரம் வெட்டப்பட்ட கோடுகூடத் தெரிகிறது. விளிம்புப் பொன் பழுப்பாகி நடுவில் அறுந்திருக்கிறது. 'ஆக்குபைட்' என்ற சொல்லை நீக்கிவிட்டால் இதை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். இதே காலத்தில் இதைவிடப் பன்மடங்கு நேர்த்தியான கோப்பைகளும் வந்தன என்பதால், முத்திரையைத் தரத்தின் சான்றாகக் கொள்ளாதீர்கள் என்பதற்கு இந்தச் சொல்லைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

விலைபோகும் முத்திரைக்குப் போலி வருவது இயல்பு. 'ஆக்குபைட் ஜப்பான்' முத்திரை பொதுவாக மெருகுக்குக் கீழே இருக்கும்; பின்னாளில் ஏமாற்றுவதற்காக மேலே குத்திய முத்திரையை, பஞ்சில் சிறிது அசிட்டோன் தொட்டு ஓரத்தில் தேய்த்தால் கரைந்து வந்துவிடும். நகப்பூச்சு நீக்கியே இதற்குப் போதும். 'நிப்பான்' போலிகள் இன்னும் தந்திரமானவை. பழைய நோரிடாக்கே முத்திரையை ஒத்த இலைவளையத்தோடு புதிய பாத்திரங்களைச் சுட்டு, செய்த நாட்டின் பெயரை எளிதில் கிழிக்கக்கூடிய காகித ஒட்டியில் மட்டும் போட்டு இறக்குமதி செய்தார்கள். அவற்றின் முத்திரை மெருகுக்குக் கீழேயே இருப்பதால் அசிட்டோன் உதவாது. உடலின் கனம்தான் காட்டிக்கொடுக்கும்: போலிகள் தடித்தவை, வெண்மை மிகுந்தவை அல்லது சுண்ணாம்பு போன்ற மந்தம் கொண்டவை, பொன்னோ எங்கும் ஒரே பளபளப்பாகத் தேய்வில்லாமல் இருக்கும். நல்ல 'நிப்பான்' கோப்பை ஒன்றை ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்தவருக்கு அடுத்த முறை ஐயம் வராது.

பழுதைக் கண்டறிய ஒலியும் ஒளியும் போதும். கோப்பையை உள்ளங்கையில் அடியோடு தாங்கி, மறுகையின் நகத்தால் விளிம்பை மெல்லச் சுண்டினால் நல்ல பீங்கான் நீண்டு ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி உடனே செத்துவிடும். கைப்பிடி சேரும் இரண்டு இடங்களையும் உட்புறத்திலிருந்து பார்க்க வேண்டும், ஏனெனில் விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒட்டிச் சாயம் பூசி மறைத்த பழுதைப் புற ஊதாக் கைவிளக்கு காட்டிவிடும். ஒட்டுப்பசையும் புதுச் சாயமும் மெருகைப் போல ஒளிராமல் வேறு நிறத்தில் திட்டாகத் தெரியும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கே இதற்குப் போதுமானது. கோப்பையும் தட்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவைதானா என்பதையும் பாருங்கள். தட்டின் நடுக்குழியில் கோப்பையின் அடிவளையம் இடம்விடாமல் அமர வேண்டும், இரண்டின் வெண்மையும் ஒத்திருக்க வேண்டும். வேறு வேறு இடத்திலிருந்து சேர்த்து இணைத்த சோடிகள் சந்தையில் நிறைய உள்ளன; விலை அதற்கேற்பக் குறைந்திருந்தால் அதில் தவறொன்றும் இல்லை.

பராமரிப்பில் நம் சமையலறைப் பழக்கங்கள் சிலவற்றை விட்டுவிட வேண்டியிருக்கும். புளி, எலுமிச்சைத் தோல், சாம்பல், தேங்காய் நார், பாத்திரம் துலக்கும் பொடி ஆகிய எதுவும் இவற்றின் பக்கம் வரக்கூடாது. முதல் இரண்டின் அமிலம் மெருகின்மேல் தீட்டிய நிறங்களை மங்கவைக்கும். மற்றவை பொன்னை அரித்தெடுக்கும். எவர்சில்வர் தொட்டிக்குள் துண்டொன்றை விரித்துக்கொண்டு, குழாயை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக்கரைசலால் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். கழுவும்போது பிடிக்க வேண்டியது உடலை, கைப்பிடியை அன்று. நுண்ணலை அடுப்பில் பொன்விளிம்பு தீப்பொறி கிளப்பும். போருக்குப் பிந்தைய மலிவான சரக்கில், சுடாமல் குளிர்நிலையிலேயே பூசிய சாயமும் உண்டு. அது கழுவும் நீரிலேயே வழிந்துவிடும். ஆகவே புதிதாக வந்த கோப்பையை ஊறவைப்பதற்கு முன் ஈரப்பஞ்சால் ஓர் ஓரத்தைச் சோதித்துவிடுங்கள்.

பால் சேர்த்த கடுந்தேநீர் உட்புறத்தில் விடும் பழுப்பு வளையத்தைச் சமையல் சோடாவைக் குழைத்து விரல்நுனியால் தேய்த்தாலே எடுத்துவிடலாம்; பொன்கோட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் வைத்திருக்கலாம், அதற்கும் பொறுமை வேண்டும். குளோரின் சேர்ந்த வெளுப்புநீரை ஒருபோதும் தொடவேண்டாம். கொதிக்கும் தேநீரை நேரே ஊற்றுவதற்கு முன் சற்றுச் சூடான நீரைக் கோப்பைக்குள் சுழற்றிக் கொட்டிவிட்டால், மெல்லிய சுவர் ஒரேயடியாக விரிந்து வெடிக்கும் அபாயம் குறையும். அடுக்கி வைப்பதும், கைப்பிடியைக் கொக்கியில் மாட்டுவதும் கடைக்காரர்களுக்கு அழகாக இருக்கலாம். கைப்பிடி என்பது தனியாக வார்த்துக் களிமண் குழம்பால் ஒட்டிச் சுட்ட உறுப்பு, கோப்பையின் முழு எடையையும் ஆண்டுக்கணக்கில் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. தட்டுகளுக்கு இடையே மெல்லிய காகிதமோ பருத்தித் துணியோ வேண்டும். ஒட்டுநாடாவைப் பொன்மேல் ஒட்டினால் உரிக்கும்போது பொன்னும் சேர்ந்து வரும், அஞ்சலில் அனுப்புகிறவர்கள் பலர் இதை அறியாமல் செய்கிறார்கள். கோப்பையைத் தட்டின்மேல் வைத்தபடியே பொதிவதும் உடைவுக்கு வழி. இரண்டையும் தனித்தனியாகச் சுற்றும்படி வாங்குமுன்பே சொல்லிவிடுவது நல்லது.

குடிப்பதற்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மெருகின்மேல் தீட்டும் பழைய வண்ணங்களில் ஈயமும், சிவப்பு, மஞ்சள் நிறங்களில் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. அமிலம் சேர்ந்த பானம் நெடுநேரம் நின்றால் அவை கரைந்து இறங்கும். உட்புறம் முழுவதும் வெறும் வெள்ளை மெருகாகவும், வண்ண அலங்காரம் வெளியேயும் உள்ள கோப்பையில் அவ்வப்போது பால் தேநீர் குடிப்பதில் நான் தயக்கம் காட்டுவதில்லை. உதடு படும் விளிம்பின் 20 மில்லிமீட்டருக்குள் வண்ணம் தீட்டியிருந்தாலோ, உட்புறத்தில் பூக்களோ மினுமினுக்கும் பூச்சோ இருந்தாலோ, அதை அலமாரியில் வைத்துவிடுவதே முறை. எலுமிச்சைத் தேநீரையும் பழச்சாற்றையும் இவற்றில் ஊற்றக்கூடாது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் இவற்றில் எதையும் கொடுக்கக்கூடாது. என் மூன்றில் இந்தத் தேர்வில் தேறியது அசேலியா மட்டுமே, அதிலும் விளிம்புப் பொன்கோட்டோடு அலங்காரம் நின்றுவிடுவதால்.

இலங்கைத் தமிழ் வாசகர்கள் வீட்டு அலமாரியில் 'நோரிடாக்கே' என்று பார்த்து மகிழ்வதற்கு முன் கீழே எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் மாத்தளையில் ஆலை தொடங்கியது, அதன் கோப்பைகளில் 'ஸ்ரீலங்கா' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. நேர்த்தியிலும் உறுதியிலும் அவை நல்ல கோப்பைகள், அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் மதிப்பிட்ட மூன்றையும்விட ஏற்றவை. ஆயினும் அவற்றை 'பழைய ஜப்பானியப் பீங்கான்' என்று தலைப்பிட்டு விற்பது சரியன்று. அந்தப் பெயருக்கான கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

விலையைப் பொறுத்தவரை, இந்த மூன்று வகையும் அமெரிக்க இணையச் சந்தையில் பெரும்பாலும் ஒரு நல்ல புதிய கோப்பையின் விலையளவில்தான் கிடைக்கின்றன; இந்தியாவுக்கு அனுப்பும் செலவுதான் அதைவிட மிகுதியாகும். ஆகவே ஒற்றைக் கோப்பையாக வாங்காமல், ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்து அசேலியா சோடிகளாக எடுப்பது கட்டுப்படியாகும். டிராகன் கோப்பையை ஒன்றே ஒன்று, முகம் தெளிவாகத் தெரிவதாகப் பார்த்து வாங்கலாம். 'ஆக்குபைட்' முத்திரைக்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன், விளிம்பை ஒளியில் சாய்த்து எடுத்த படம், கைப்பிடி சேரும் இடத்தின் உட்புறப் படம், தட்டின் நடுக்குழி, கடைசியாக முத்திரை என்று இந்த வரிசையில் கேளுங்கள். முதல் மூன்றையும் அனுப்பத் தயங்கி நான்காவதை மட்டும் மீண்டும் மீண்டும் அனுப்புகிற விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.